‘இன்னும் கொஞ்சம்தான்’: வெள்ளியங்கிரிக்கு நண்பர்களை முதன்முறை அழைத்துச் செல்வோரின் மறதி குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மலையேறிப் பழகிய ஒருவர், பழகாத நான்கு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வெள்ளியங்கிரிக்குப் போகிறார். வழிநெடுக நால்வரும் அவரைத் திட்டுகிறார்கள். அடுத்த பருவத்தில் அந்த நால்வரில் ஒருவர் வேறு நால்வரைக் கூட்டிக்கொண்டு அதே மலைக்குப் போய் அதே திட்டை வாங்குகிறார். கொங்கு நாட்டில் ஆண்டுதோறும் நடந்துவரும் இந்நிகழ்வுக்கு இதுவரை ஊரார் தந்துள்ள விளக்கங்கள் இரண்டு: பக்தி, கொழுப்பு. இரண்டுமே போதா என்பது இக்கட்டுரையின் துணிபு. பக்தி மலையேற வைக்கும். நண்பனையும் இழுத்துக்கொண்டு ஏற வைக்காது. கொழுப்போ முதல் மலையிலேயே கரைந்துவிடும். எஞ்சி நிற்கும் ஒரே காரணம் மறதி. அழைத்துச் செல்பவர் தாம் முதன்முறை ஏறியபோது பட்ட பாட்டை மறந்துவிட்டார் என்பதே இம்மரபின் அச்சாணி என்று இங்கே நிறுவப்படும்.

1. வரையறைகள்

கோவைக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் பூண்டி. அங்கே அடிவாரத்தில் வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயில். கோயிலைத் தாண்டினால் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு மலைகள். ஏழாவதன் உச்சியில், பெரும் பாறைகளின் இடுக்கில், சுயம்பு லிங்கம். தென்கயிலாயம் என்பது பக்தர்கள் வைத்த பெயர். ஏறும் தூரம் சுமார் 6 கிலோமீட்டர்; உச்சியின் உயரம் ஆறாயிரம் அடியை ஒட்டியது. பிப்ரவரி முதல் மே வரை பருவம். மகா சிவராத்திரிக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் பெருங்கூட்டம்.

ஆறாயிரம் அடியை உயர்மலை என்பதா என்று இமயம் ஏறியவர்கள் சிரிக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு வரையறை: எந்த மலையின் உச்சிக்குப் பேருந்தோ காரோ விஞ்சோ போகாதோ, அதுவே உயர்மலை. இதன்படி 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உயர்மலை ஆகாது. கார் நிறுத்த இடம் தேடுவதே அங்கே இருக்கும் ஒரே கடினம். பழனிக்கு 693 படிகள் உண்டென்றாலும் விஞ்சும் ரோப்காரும் இருப்பதால் அதுவும் விலக்கு. மருதமலைக்குப் பேருந்தே ஏறுகிறது. வெள்ளியங்கிரிக்கு இவை எதுவும் இல்லை. மூங்கில் தடி ஒன்றுதான் வாகனம். அதையும் நாம்தான் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும்.

‘அழைப்பாளர்’ என்பவர் முன்பே ஏறியவர். “ஒரே ராத்திரிதான் மாப்ள, விடியறப்போ மேல இருப்போம், மத்தியானம் வீட்டுல சாப்புடலாம்” என்று சொன்னவர். ‘அழைக்கப்பட்டோர்’ என்பவர்கள் அதை நம்பியவர்கள். ஆய்வறம் கருதி இக்கட்டுரையில் இவர்கள் அ, ஆ, இ, ஈ எனப்படுவர். தன் முழுப்பெயரைப் போட்டால் ஊரில் மதிப்புக் கூடும் என்று அ கேட்டுக்கொண்டார். மறுக்கப்பட்டது.

2. முன்னோர் கண்ட முடிவுகள்

நண்பர்களை மலைக்கு அனுப்புவது பற்றித் தமிழில் உள்ள முழுமையான கையேடு மலைபடுகடாம். பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடிகள், பெருங்கௌசிகனார் பாடியது, செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்வது. பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பார்த்துப் போங்கள். பாம்பு ஒடுங்கும் குழிகள் இருக்கும். புனம் காப்பவர்கள் யானையை விரட்ட எறியும் கவண்கல் உங்கள் மேல் பட்டுவிடலாம், மரத்தின் பின்னால் ஒதுங்குங்கள். பாதை பிரியும் இடத்தில் புல்லை முடிந்து பின்னால் வருபவர்களுக்கு அடையாளம் வையுங்கள். இருட்டினால் நடக்காமல் குகையில் தங்குங்கள் என்று அடுக்கிச் செல்கிறது. ஓரிடத்திலும் “சும்மா ஜாலியா ஏறிடலாம்” என்ற கருத்து அதில் இல்லை.

இவ்வளவு நேர்மை எப்படி வாய்த்தது? இந்நூல் சார்ந்த ஆற்றுப்படை என்னும் வகையின் அமைப்பைப் பார்த்தால் தெரியும். வழி சொல்பவர் இப்போதுதான் பரிசில் பெற்றுத் திரும்பி வந்துகொண்டிருப்பவர். எதிரே வருபவர்களைப் பாதையிலேயே நிறுத்திச் சொல்கிறார். கால்வலி இன்னும் தீரவில்லை. மறக்க நேரம் கிடைக்கவில்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: அவ்வளவும் சொன்ன அவர், “வாங்க, நானும் கூட வரேன்” என்று சொல்லவில்லை. தமிழ் கண்ட தலைசிறந்த வழிகாட்டி, வழியைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நினைவு உள்ளவர் அப்படித்தான் செய்வார்.

மேலைநாட்டுச் சான்று ஒன்று. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் 1336 ஏப்ரல் 26 அன்று தென்பிரான்சின் வாந்தூ மலையில் ஏறினார். அதன் உயரம் சுமார் 1,900 மீட்டர். நம் வெள்ளியங்கிரியின் அக்கம்பக்கம். யாரைக் கூட்டிப் போவது என்று அவர் பட்ட பாட்டைக் கடிதமாகவே எழுதியிருக்கிறார். ஒரு நண்பர் மந்தம், இன்னொருவர் படபடப்பு, ஒருவர் அளவுக்கு மீறிப் பேசுவார், ஒருவர் பேசவே மாட்டார், ஒருவர் பருமன், ஒருவர் நோஞ்சான். நண்பர் பட்டியலை முழுக்க அடித்துவிட்டுக் கடைசியில் உடன்பிறந்த தம்பியைக் கூட்டிப் போனார். தம்பி செங்குத்தான நேர்வழியைப் பிடித்து ஏறினார். அண்ணனோ சுலபமான வழி தேடித் தேடிப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே சத்திரத்தில் சமையல் ஆவதற்குள் எழுதியதாக அக்கடிதம் சொல்கிறது. ஆனால் இன்றுள்ள வடிவம் 1353 வாக்கில் எழுதப்பட்டது என்பது அறிஞர் பலரின் கருத்து. அதாவது, ஏறிப் பதினேழு ஆண்டுக்குப் பின். வலி போய் அழகு மட்டும் எஞ்சியிருக்க அதுவே போதிய அவகாசம்.

மூன்றாவது சான்று கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு விதி வகுத்தார்: மூன்று மைல் நடக்க ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். ஏற்றம் 4,000 அடி என்று வைத்துக்கொண்டால், 6 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி, ஏற்றத்துக்கு இரண்டு மணி, ஆக மூன்றேகால் மணி நேரம். இவ்விதியில் சுக்குக்காபி குடிக்கும் நேரம் சேர்க்கப்படவில்லை. இ உட்கார்ந்து “நீங்க போங்க, நான் இங்கயே இருக்கேன்” என்று சொல்லும் நேரமும் சேர்க்கப்படவில்லை. அழைப்பாளர்கள் மனத்தில் ஓடுவது நெய்ஸ்மித்தின் கணக்கு. அழைக்கப்பட்டோர் கால்களில் ஓடுவது அதைப் போல் இருமடங்கு.

3. அழைக்கப்பட்டோர் வகைகள்

முதல் வகை முந்துவோர். பூண்டியில் விபூதி பூசியதும் இவர்களுக்கு வேகம் வந்துவிடும். முதல் மலையின் கல்படிகளை இரண்டிரண்டாகத் தாவுவார்கள். ஏழு மலைகளிலும் செங்குத்தானவற்றுள் முதல் மலையும் ஒன்று என்பதால், வெள்ளை விநாயகர் கோயிலை எட்டும்போது முந்துவோரின் இனம் பெரும்பாலும் அழிந்திருக்கும். அ இவ்வகை.

இரண்டாம் வகை கணக்கர். எத்தனை மலை முடிந்தது, எத்தனை பாக்கி என்று கேட்டுக்கொண்டே வருபவர். ஏழு என்ற எண்ணே இவருக்குக் கேடு. மூன்றாவது மலையில் “ஏழுல மூணு, கிட்டத்தட்ட பாதி” என்பார். மலைகள் சம அளவில் வெட்டிய பர்பித் துண்டுகள் அல்ல என்பதை அழைப்பாளர் சொல்லியிருக்க வேண்டும். ஆ இவ்வகை.

மூன்றாம் வகை மருத்துவர். உடம்பின் ஒவ்வோர் அசைவையும் அறிவிப்பவர். முதல் மலையின் முதல் திருப்பத்திலேயே “ஆக்ஸிஜன் கம்மியா இருக்குதுடா” என்றார் இ. உயரத்தால் வரும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் தலைகாட்டும். வெள்ளியங்கிரியின் உச்சியிலேகூடக் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கு இருக்கும். அவருக்குக் குறைந்திருந்தது ஆக்ஸிஜன் அல்ல, பழக்கம். ஆனாலும் ஓர் எச்சரிக்கை, இங்கே மட்டும் கேலியின்றி: இதயநோய், மூச்சுத்திணறல், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று கோயில் தரப்பும் வனத்துறையும் சொல்வது சடங்குக்காக அல்ல. இம்மலையில் மூச்சு முட்டி இறந்தவர்கள் உண்டு. நெஞ்சைப் பிடிக்கிறது என்று நண்பர் சொன்னால் வகைப்பாட்டை மூடி வைத்துவிட்டு அவரோடு கீழே இறங்க வேண்டும்.

நான்காம் வகை மௌனி. பேசமாட்டார், கேட்கமாட்டார், குறைசொல்லமாட்டார். கடைசியில் வருவார். ஈ இவ்வகை. ஆய்வில் மிக முக்கியமானவர் இவரே. காரணம் ஆறாம் பகுதியில்.

இந்நால்வகைக்கும் புறம்பான ஒருவர் ஒவ்வொரு பயணத்திலும் குறுக்கிடுவார். வயது அறுபதுக்கு மேல், வெறுங்கால், தோளில் துணிப்பை, நெற்றியில் பட்டை. விலையுயர்ந்த ஷூ அணிந்த நால்வரையும் “வழி விடுங்க சாமி” என்று தாண்டிப் போவார். மூச்சு வாங்காது. நால்வரும் அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இவரை எந்த வகையில் அடைப்பது என்று தெரியாமல் இவ்வாய்வு தோற்றது.

4. சுமை

முதன்முறை ஏறுபவரின் பை பயத்தின் எடையைக் கொண்டது. எதற்கெல்லாம் பயமோ அதற்கெல்லாம் ஒரு பொருள் உள்ளே இருக்கும். பசிக்குப் பயந்தவர் புளிசாதம் கட்டியிருப்பார். குளிருக்குப் பயந்தவர் கம்பளி. இருட்டுக்குப் பயந்தவர் மூன்று டார்ச். ஆ-வின் பையில் ஒரு குடை இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, “வெயிலடிச்சா?” என்றார். இரவு பத்து மணி.

பசி பற்றிய கணக்கையும் பார்த்துவிடலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 4,000 அடி ஏறுவதற்கான வெறும் பௌதிக வேலை சுமார் 200 கலோரி. தசைகள் தாம் எரிப்பதில் கால்பங்கைத்தான் வேலையாக மாற்றும். மீதி வெப்பமாகப் போகும். ஆக உடல் செலவழிப்பது சுமார் 800 கலோரி. ஓர் இட்லிக்கு 50 என்று வைத்தால் 16 இட்லி. இக்கணக்கைக் கோவை காந்திபுரத்தில் பேருந்து ஏறும்முன் அ-விடம் சொன்னது கேடாய் முடிந்தது. அவர் பதினாறையும் அங்கேயே சாப்பிட்டுவிட்டார்.

குளிருக்குப் பயந்தவர் மட்டும் சரி. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் சுமார் 8 டிகிரி வேறுபாடு. வியர்வையில் நனைந்த பனியன்மேல் விடியற்காலைக் காற்று அடித்தால் அது இருமடங்காகத் தெரியும். முதல் மலையில் சட்டையைக் கழற்றிப் பையில் வைப்பவரே ஏழாவது மலையில் அடுத்தவர் போர்வைக்குள் இடம் கேட்பவர்.

அடிவாரத்தில் வனத்துறையினர் பைகளைத் திறந்து பிளாஸ்டிக்கைத் தேடுவார்கள். பிஸ்கட் உறை, சிப்ஸ் பொட்டலம் எல்லாம் வெளியே வரும். காட்டுக்காகச் செய்யப்படும் இச்சோதனை நட்புக்கும் உதவுகிறது: யாரிடம் என்ன தின்பண்டம் ஒளிந்திருக்கிறது என்பது அங்கேதான் எல்லோருக்கும் தெரியவரும்.

பை எப்படிப் போனாலும் அதன் முடிவு ஒன்றே. மூன்றாவது மலை வாக்கில் அது அழைப்பாளரின் தோளுக்கு வந்துவிடும். “நான் அப்பவே சொன்னேனே” என்பார் அவர். சொல்லவில்லை, சொல்ல நினைத்தார். தாமும் முதன்முறை இப்படியொரு பையோடு வந்ததும், அதையும் வேறொருவர் தூக்கியதும் அவர் நினைவில் இராது.

5. தூரத்தை அளக்கும் முறை

சமவெளியில் தூரத்தை அளக்கக் கிலோமீட்டர் போதும். மலையில் அது செல்லாது. இங்கே வழங்கும் அலகு ‘இன்னும் கொஞ்சம்’. இறங்கி வருபவரிடம் ஏறுபவர் கேட்பார்: “இன்னும் எவ்வளவு தூரமுங்க சாமி?” இறங்குபவர் சொல்வார்: “இதா, வந்துருச்சுங்க சாமி. இன்னும் கொஞ்சந்தான்.” இவ்வலகின் தனித்தன்மை, அது குறையாது என்பது. வழியிலுள்ள பாம்பாட்டிச் சுனையில் கேட்டாலும் இன்னும் கொஞ்சம்தான். கைதட்டிச் சுனையில் கேட்டாலும் இன்னும் கொஞ்சம்தான். அடிவாரத்தில் தடி வாங்கும்போது கேட்டிருந்தாலும் அதுவே பதிலாக இருந்திருக்கும்.

இது பொய் என்று முடிவுகட்டுவது அவசரம். இரண்டு வகைப் பொய்களை இங்கே பிரித்தறிய வேண்டும். இறங்கி வருபவர் சொல்வது இரக்கப் பொய். எவ்வளவு பாக்கி என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், முட்டி நடுங்கிக்கொண்டிருக்கிறது. உண்மையைச் சொன்னால் எதிரே நிற்பவர் உட்கார்ந்துவிடுவார் என்பதும் தெரியும். ஆகவே தெரிந்தே சொல்கிறார். அழைப்பாளர் சொல்லும் ‘இன்னும் கொஞ்சம்தான்’ வேறு. அவர் உண்மை என்று நம்பியே சொல்கிறார். அவர் நினைவில் மலை சுருங்கிக் கிடக்கிறது. வெள்ளை விநாயகர், சுனைகள், வழுக்குப் பாறை, உச்சி என்று நின்ற இடங்கள் மட்டும் ஞாபகத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு இடையே நடந்த தூரம் இல்லை. இதை மறதிப் பொய் எனலாம். இரக்கப் பொய் ஏறுபவரைக் காப்பாற்றும். மறதிப் பொய் அவரைக் கோபப்படுத்தும்; அடுத்த வளைவில் அது பொய்யாகும்போது திட்டுவதற்கு ஆள் பக்கத்திலேயே நிற்கிறார் அல்லவா?

இப்பொய் முழுதாக அம்பலமாகும் இடம் ஏழாவது மலைக்கு முன்னால். அவ்வளவு நேரம் ஏறிய பாதை அங்கே ஆண்டிசுனையை நோக்கிக் கீழே இறங்குகிறது. இறக்கம் கண்டதும் அழைக்கப்பட்டோர் முதலில் மகிழ்வார்கள். பிறகு கணக்கர் நின்று யோசிப்பார். “டேய், இறங்குறோம்னா திரும்பி வர்றப்போ இதை ஏறணுமே?” இதற்கு அழைப்பாளர்கள் யாரும் முன்கூட்டிப் பதில் தயாரித்து வைத்திருந்ததாகச் சான்று இல்லை.

6. ஓய்வின் சமமின்மை

குழுவாக ஏறுவோரிடம் ஓர் அநீதி தானாகவே உண்டாகிறது. வேகமானவர் முன்னே போய்ப் பாறையில் உட்காருவார், தண்ணீர் குடிப்பார், நட்சத்திரம் பார்ப்பார், பத்து நிமிடம் ஆகும். மௌனி ஈ மெல்ல வந்து சேர்வார். அவர் உட்காரப் போகும் அந்த நொடியில், “சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாமா?” என்று வேகமானவர் எழுவார். இப்படி ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓய்வு தேவைப்படாதவருக்கு ஓய்வு, தேவைப்படுபவருக்கு இல்லை. ஏழு மலைகளின் கூட்டுத்தொகையில் வேகமானவருக்கு நல்ல உறக்கம் அளவுக்கு ஓய்வு சேர்ந்துவிடும். ஈ-க்குச் சேர்வது, எல்லோரும் கிளம்பக் காத்திருக்கிறார்கள் என்ற குற்றவுணர்வு.

இதற்குத் தீர்வு மிக எளிது. அழைப்பாளர் கடைசியில் நடக்க வேண்டும். வழிகாட்டுவோர் முன்னால் போக வேண்டும் என்பது சமவெளி மனிதர்களின் எண்ணம். வெள்ளியங்கிரியில் வழி தவறுவது அரிது. பருவத்தில் விளக்குகளும் தடிச்சத்தமும் ‘நமசிவாய’ ஒலியும் உச்சிவரை தொடர்ந்து வரும். முன்னால் ஆள் தேவையில்லை, பின்னால்தான் தேவை. பின்னால் ஒருவர் வருகிறார் என்பதாலேயே மௌனி கடைசி ஆள் ஆகாமல் தப்புகிறார். மனித மானம் காக்க இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை.

அழைப்பாளர்கள் இதை ஏன் செய்வதில்லை? முதன்முறை தாம் எந்த இடத்தில் நடந்தோம் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். விசாரித்தால் எல்லோருமே தாம் முன்னால் நடந்ததாகத்தான் சொல்கிறார்கள். அப்படியானால் எந்தக் குழுவிலும் கடைசியில் யாருமே நடக்கவில்லை என்றாகிறது.

7. உச்சி

இப்பகுதி சுருக்கமாகவே அமையும், உச்சியில் நிற்கும் நேரமும் அப்படியே என்பதால். விடியும், மேகம் காலுக்குக் கீழே இருக்கும், நொய்யல் பிறக்கும் மலைத்தொடர் நீலமாகத் தெரியும், தரிசனம் ஆகும். நால்வரும் பேச்சிழந்து நிற்பார்கள். அழைப்பாளர் “எப்படி?” என்பார். அக்கணம் அவருக்கு மலையைத் தாமே கட்டிய நினைப்பு வரும். பிறகு குளிரும்.

8. இறக்கம்

ஏறுவது கடினம், இறங்குவது சுலபம் என்ற கருத்து மலையேறாதவர்களிடம் உள்ளது. ஏறியவர்களிடமும் மறதியின் பயனாக உள்ளது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போது உடல் எடையைத் தாங்கிப் பிடிக்க அதே தசை நீண்டுகொண்டே இறுக வேண்டியிருக்கிறது. தசை இழைகளில் நுண்ணிய சேதம் நிகழ்வது இந்த வேலையில்தான். அதன் வலி உடனே வராது; ஒருநாள் கழித்துத் தொடங்கி இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும்.

இந்தத் தாமதத்தின் சமூக விளைவுகள் ஆராயத்தக்கவை. சனி இரவு ஏறி ஞாயிறு இறங்கியவர் ஞாயிறு மாலை வீரராக இருப்பார், படங்களை அனுப்புவார், “ஒண்ணுமே தெரியல” என்பார். திங்கள் காலை அலுவலகப் படிக்கட்டில் பக்கவாட்டாக இறங்குவார். செவ்வாயன்று இந்திய முறைக் கழிப்பறை அவருக்கு எட்டாவது மலையாகும். உட்காரலாம், எழுவதற்குத்தான் யாராவது வர வேண்டும். பூண்டியில் வாங்கிய மூங்கில் தடியைப் பலர் வீட்டுக்கு எடுத்து வருவது நினைவுப் பொருளாக என்று கருதப்படுகிறது. செவ்வாய்க்கிழமைக்காகவும் இருக்கலாம்.

9. மறதிக் கோட்பாடு

இனி மைய வினா. இவ்வளவு பட்டவர் எப்படி மறக்கிறார்?

உளவியலாளர் டேனியல் கானமனும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட ஒரு சோதனை உதவுகிறது. பங்கேற்றவர்கள் ஒரு முறை 14 டிகிரி நீரில் 60 விநாடி கையை வைத்திருந்தார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடி, அதன்பின் நீரை 15 டிகிரிக்கு மெல்லச் சூடேற்றியபடி மேலும் 30 விநாடி. எதை மறுபடி செய்வீர்கள் என்றபோது பெரும்பான்மையோர் நீளமானதையே தேர்ந்தார்கள். வலியின் மொத்த நேரத்தை மனம் கூட்டிப் பார்ப்பதில்லை. அதன் உச்சத்தையும் முடிவையும் மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறது. முடிவு சற்று இதமாக இருந்தால் முழுவதும் தேவலை என்று கோப்பை மூடிவிடுகிறது.

வெள்ளியங்கிரி இச்சோதனையை நெடுங்காலமாகப் பெருந்திரளான மக்களைக் கொண்டு நடத்தி வருகிறது. குளிர்நீருக்கு ஆண்டிசுனை இருக்கிறது. உச்சத்துக்கு விடியல் இருக்கிறது. முடிவுக்கு அடிவாரம்; கால் நீட்டி உட்காரும் சமதரையும், சூடான சோறும், திரும்பும் பேருந்தில் ஜன்னல் ஓரமும். இரண்டுக்கும் நடுவே கிடந்த ஏழு மலைகளைப் பதிவு செய்ய மனத்தில் இடம் இல்லை.

சான்று: ஐந்தாவது மலையில், “என் சாமி சத்தியமா இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டேன்” என்று தடியைத் தரையில் அடித்துச் சொன்னவர் அ. தை பிறந்ததும் அவர் ஒரு வாட்ஸாப் குழுவைத் தொடங்கினார். அதில் புதிதாக நால்வர். அவருடைய முதல் செய்தி: “ஏழு மலைன்னு பயப்படாதீங்க, மொத மலை மட்டுந்தான் கஷ்டம்.” இது மறதிப் பொய்யின் தூய வடிவம். அழைக்கப்பட்டவர் அழைப்பாளராக மாறும் கணம் இதுவே. கொசு முட்டையாகிப் புழுவாகி மீண்டும் கொசுவாவதைப் பாடப்புத்தகங்கள் வட்டமாக வரைகின்றன. இதற்கும் ஒரு வட்டம் வரையலாம்.

10. தடை விடை

தடை: மறதியே காரணம் என்றால், ஆண்டுதோறும் ஏறுபவர்களுக்கு மறக்க நேரம் ஏது? விடை: ஆண்டுதோறும் ஏறுபவர் மறப்பதில்லை, பழகிவிடுகிறார். துணிப்பைப் பெரியவரைப் பாருங்கள். அவர் யாரையும் அழைப்பதில்லை, தனியாகவே வருகிறார்.

தடை: நட்பின் மிகுதியால் அழைத்திருக்கலாமே? விடை: நட்பு மிகுந்தால் சினிமாவுக்கு அழைக்கலாம்.

தடை: நல்லதைத் தான் மட்டும் பார்க்க மனம் வராமல் அழைத்திருந்தால்? விடை: இத்தடை வலுவானது. உச்சியில் நால்வரும் வாயடைத்து நின்றபோது அழைப்பாளரின் முகம் இருந்த விதம் இதற்கு ஆதரவாக உள்ளது. ஆனால் அந்த முகத்தை அளக்கக் கருவி இல்லை என்பதால் இவ்வாய்வு அதை விட்டுவிடுகிறது.

11. பரிந்துரைகள்

முதலாவது, அழைப்பாளர் கடைசியில் நடக்க வேண்டும். இரண்டாவது, ஓய்வு நேரத்தைக் கடைசி ஆள் உட்கார்ந்த கணத்திலிருந்தே எண்ண வேண்டும். மூன்றாவது, பைகளைப் பூண்டியில் அல்ல, வீட்டு வாசலிலேயே திறந்து பார்க்க வேண்டும். குடை இருந்தால் எடுத்துவிட வேண்டும். நான்காவது, தூரம் கேட்டால் நேரம் சொல்ல வேண்டும்; அதுவும் நெய்ஸ்மித்தின் நேரத்தை இரண்டால் பெருக்கி. ஐந்தாவது, ஏழாவது மலைக்கு முன்னால் இறக்கம் உண்டு என்பதை முதல் மலையிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆறாவது பரிந்துரை சிக்கலானது. மறதியே நோய் என்றால் எழுத்தே மருந்து. ஆகவே ஐந்தாவது மலையில், நெஞ்சு படபடக்கும்போதே, ஒவ்வொருவரிடமும் அப்போதைய மனநிலையை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அடுத்த பருவத்தில் யாரையாவது அழைக்கும்முன் அதைப் படித்துப் பார்க்க வேண்டும். இதில் ஒரே ஆபத்து: எல்லோரும் படித்துவிட்டால் யாரும் யாரையும் அழைக்கமாட்டார்கள். பூண்டியில் தடி விற்பவர் பிழைப்பு போகும். எதிரே வருபவருக்கு இரக்கப் பொய் சொல்ல ஆள் இருக்காது. எந்த மௌனியும் விடியலில் அப்படி வாயடைத்து நிற்கமாட்டார். இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்தபின் இக்கட்டுரை தரும் திருத்தப்பட்ட பரிந்துரை: வாக்குமூலத்தைக் கட்டாயம் எழுதி வாங்கி, நான்காக மடித்து, எழுதியவரின் சட்டைப் பையிலேயே பத்திரமாக வைத்து, அந்தச் சட்டையை வீட்டுக்குப் போனதும் அப்படியே துவைக்கப் போட்டுவிட வேண்டும்.